பெரியவள் மாட்டிவிட்ட ஃபின்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, காதில் விழுந்தது. நின்றபடி துடுப்புப் போட்டு அலையேறுகிறவர்களுக்கான சாமான்களை விற்கிற, வாடகைக்கும் விடுகிற ஒரு கடை. திரைக்குப் பின்னால் நான் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு இருமலாவது இருமியிருக்கலாம். இருமவில்லை. கதை எழுதுகிறவனின் யோக்கியதை அவ்வளவுதான்.

கேட்டது கடைசிக் காட்சியை மட்டும். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் அவர்கள் பேச்சிலிருந்து நான் பின்னியது. எப்படித் தொடங்குவது?

‘கடல் அன்று அமைதியாக’ (வேண்டாம். கடல் அமைதியாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.)

‘ஓரகத்திகள் இருவர். மூத்தவளுக்கு இளையவளைக் கண்டாலே’ (வேண்டாம். முதல் வரியிலேயே தீர்ப்புச் சொல்ல நான் யார்?)

சரி, இப்படித் தொடங்குகிறேன்: சனிக்கிழமை காலை சின்னவள் கடைக்குள் வந்தாள்.

2

அண்ணனைக் கட்டியவள் பெரியவள், கடை அவளுடையது. புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவள்தான். தம்பியைக் கட்டியவள் சின்னவள். பல் மருத்துவமனையில் வேலை.

“அக்கா, நாளைக்குக் கூட ஓட்டுறவங்க என்னையும் அலைக்குள்ள கூட்டிட்டுப் போறாங்களாம். எல்லாம் நீங்கதான் பார்த்துக் கொடுக்கணும். இவர்கிட்ட விட்டா கலர் பார்த்து எடுத்துட்டு வருவார்.”

பெரியவள் சிரித்தாள். பலகைகள் அடுக்கியிருந்த சுவர்ப்பக்கம் போனாள்.

“இதுவரைக்கும் நீ ஓட்டினது கட்டில் மாதிரி. அகலம், விழ மாட்ட, ஆனா அலைல திரும்பாது. இப்ப உனக்குக் குட்டை போர்டு வேணும். அதோட மூக்கு மேல தூக்கியிருக்கணும், இல்லன்னா தண்ணிக்குள்ள குத்திக்கும்.”

எடை கேட்டாள், தூக்கிக் காட்டினாள், அக்குளில் இடுக்கிப் பார்க்கச் சொன்னாள். குற்றம் சொல்ல முடியாத தேர்வு. அடுத்து, காலையும் பலகையையும் பிணைக்கிற கயிறு.

“சுருள் கயிறு அழகா இருக்கேக்கா?”

“அது அசையாத தண்ணிக்கு. அலைல விழுந்தா போர்டை இழுத்துட்டு வந்து உன் மூஞ்சிலயே அடிக்கும். நேர்க்கயிறுதான். போர்டு நீளத்துக்குக் குறையக் கூடாது.”

ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே ஒரு விரல் நுழையுமளவு இறுக்கினாள். ஜாக்கெட்டைத் தோளருகே பிடித்து மேலே இழுத்துப் பார்த்தாள். “காதுக்கு வருது பாரு. ஒரு சைஸ் கம்மி போடு.” குனிந்து ஒவ்வொரு வாராகச் சரிபார்த்தாள். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு பார்க்க மாட்டாள்.

மீதமிருந்தது ஃபின்.

(மீனுக்கு இருப்பதும் துடுப்பு, கையில் பிடிப்பதும் துடுப்பு. இரண்டும் ஒரே கடையில் இருந்தால் வியாபாரம் நடக்காது. அதனால் பலகையின் அடிவயிற்றில் மாட்டுவதை ஃபின் என்கிறார்கள். நானும் சொல்லிவிட்டுப் போகிறேன்.)

அலைக்கென்றால் நடுவில் சின்னது ஒன்று, பக்கத்துக்கொரு குட்டி. அப்போதுதான் பலகை சொன்னபடி வளையும். வாடிக்கையாளர்களிடம் பெரியவள் வாய் வலிக்கச் சொல்லும் பாடம் அது. அன்று அவள் கை எடுத்தது ஒற்றைப் பெரிய ஃபின்னை. அசையாத தண்ணீரில் கோடு போட்டாற்போல நீண்ட தூரம் போகிறவர்களுக்கானது.

“என்னக்கா, இவ்ளோ பெருசா இருக்கு?”

“நேரா போகும். பயப்படாத.”

பொய்யில்லை. நேராகத்தான் போகும், திரும்பத்தான் செய்யாது. எல்லோரும் பார்க்கச் சின்னவள் திணற வேண்டும். தொப்பென்று விழ வேண்டும். “நினைச்ச மாதிரி ஈஸி இல்லைக்கா” என்று அவள் வாயாலேயே வர வேண்டும். பெரியவள் கேட்டது அவ்வளவே. ஸ்க்ரூவை இறுக்கிக் கொடுத்தனுப்பினாள்.

3

இங்கே எனக்குப் பெரியவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அடிபட வேண்டும் என்று நினைத்தாளா? அப்படி நினைக்கிறவள் எதற்கு அந்த வார்களை அப்படிப் பார்த்துப் பார்த்து இறுக்குகிறாள்?

பொறாமை என்று எழுதினால் குணத்தைச் சொன்னதாகிறது. வயிற்றெரிச்சல் என்று எழுதினால் அது எந்த இடத்தில் எரிகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. இரண்டாவதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் காரணம்?

சின்னவள் தண்ணீரில் போகும் வீடியோவைக் கொழுந்தன் குடும்பக் குழுவில் போட்டான். ‘எங்க வீட்டு அலைராணி.’ மாமனார் கைதட்டும் படம் அனுப்பினார். பெரியவளின் கணவனும் ஒரு இதயம் போட்டான். அதே கரையில் ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த பெரியவளை ஒருவரும் ஒருநாளும் படம் பிடித்ததில்லை. அன்று சமைத்ததில் அவள் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள்.

(படித்துப் பார்த்தேன். காரணம்தான். ஆனால் ஒரு இதயத்துக்காக ஃபின்னை மாற்றுவாளா? போதவில்லை. இன்னும் கீழே ஏதோ இருக்கிறது. கதையைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.)

4

ஞாயிறு காலை பெரியவளும் கரைக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை.

முதல் அலையில் சின்னவள் ஏறினாள். பலகை கொஞ்சமும் அலையாமல் நேர்கோடாக வந்தது. கரையில் ஒரே கூச்சல். கொழுந்தன் விசிலடித்தான். பெரியவளுக்கு வயிறு காந்தியது. ‘நான் செய்த கோணல்கூட அவளுக்கு நேராகிவிடுகிறதே!’ என்று.

(இங்கேயே நிறுத்தினால் நல்ல நகைச்சுவைக் கதை. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லை.)

அடுத்த அலை சின்னவளை மணல்மேட்டுப் பக்கம் கொண்டுபோனது. மற்றவர்கள் வளைந்து விலகினார்கள். அவளும் காலை ஊன்றி, துடுப்பைச் சாய்த்து, என்னென்னவோ செய்து பார்த்தாள். பலகை கேட்கவில்லை. ஆழம் குறைந்த இடத்தில் அந்தப் பெரிய ஃபின் மணலைக் குத்தியது. பலகை அப்படியே நின்றது. அவள் நிற்கவில்லை. தூக்கியெறியப்பட்டு முன்னால் போய்க் கவிழ்ந்தாள்.

பெரியவள் கட்டியிருந்த துணியோடு தண்ணீருக்குள் ஓடினாள். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியிருந்தது. முழங்கால் தோல் உரிந்து, உதடு கிழிந்திருந்தது.

“திருப்பத் தெரியலைக்கா எனக்கு,” என்றாள் சின்னவள், ரத்தத்தைத் துப்பியபடி. “நீங்க எவ்ளோ பார்த்துப் பார்த்துக் கொடுத்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன்.”

பெரியவள் கேட்க ஆசைப்பட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. வாங்கி வைக்கத்தான் இடமில்லை.

5

இனி நான் கேட்டது. திங்கட்கிழமை. சின்னவள் நொண்டிக்கொண்டு பலகையோடு வந்தாள்.

“இதை வாடகைக்கு விட்டுடுங்கக்கா. எனக்கு இதெல்லாம் வராது.”

“தப்பு உன் மேல இல்ல.”

“சும்மா சொல்லாதீங்க.”

“ஃபின். அலைக்கு அதைப் போடக் கூடாது.”

“சரி, மறந்து போட்டுட்டீங்க. அதுக்கென்ன இப்ப?”

“மறக்கல. தெரிஞ்சுதான் போட்டேன்.”

நான் ஜாக்கெட்டின் கொக்கியைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“ஏன்க்கா?”

இந்த இடத்தில் அவளுக்காக நான் நல்ல நல்ல பதில்களாக எழுதினேன். வீடியோவைப் பற்றி ஒரு பத்தி. ‘இந்த வீட்டில் எனக்கென்று’ என்று தொடங்கும் ஒரு வசனம், மேடையில் பேசலாம். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் சொன்னது இது:

“நீ மொத நாளே எழுந்து நின்னுட்ட. நான் கத்துக்கிட்டப்ப ஒரு கோடை முழுக்க போர்டு மேல முட்டி போட்டுட்டே இருந்தேன். எழுந்தா விழுவேன். யாரும் பார்க்கக் கூடாதுன்னு ஆள் வரதுக்கு முன்னாடி போயிட்டு வருவேன். நீ என்னடான்னா செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஏறின, நின்ன, என்னைப் பார்த்துச் சிரிச்ச.”

சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து, பின்கட்டில் யாரோ காற்றடைக்கிற பலகைக்கு பம்ப்பைப் போட்டார்கள். கடையே அதிர்ந்தது. திரை இடுக்கில் அவள் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. கிழிந்த உதட்டைத் தொட்டுத் தொட்டு ரொம்ப நேரம் பேசினாள். திட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. மன்னிப்பதற்கும் ஆகாது.

அந்தப் பேச்சை எழுதிப் பார்க்காமல் இல்லை. மன்னித்தாள் என்று ஒன்று. பலகையைப் போட்டுவிட்டுப் போனாள் என்று ஒன்று. இரண்டிலும் சின்னவள் என் குரலில்தான் பேசுகிறாள். நான் இவ்வளவு நேரமாகப் பெரியவள் பக்கமே நின்றுவிட்டேன்; இளையவளுக்குள் என்ன எரிந்தது, என்ன எரியவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன். நீங்கள் நிரப்புங்கள். நிரப்பும்போது ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பம்ப் நின்றதும் பெரியவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“இது எனக்குத் தெரியாதே,” என்றாள்.