கதவோரத்து ஈரம்

கசிவைக் கண்டுபிடிக்கத் தண்ணீரைக் கீழிருந்து மேலேதான் அடிக்க வேண்டும். முதலில் கதவின் அடி விளிம்பு, பிறகு தாழ்ப்பாள் மட்டம், அப்புறம் கண்ணாடியின் ஓரம், கடைசியாகக் கூரை. எடுத்த எடுப்பிலேயே கூரையில் அடித்துவிட்டால் எல்லா இடமும் நனைந்துபோகும். தண்ணீர் எந்த இடுக்கில் நுழைந்தது என்று ஆண்டவனே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது.

வெளியே ரப்பர் குழாயோடு நின்றது நாத்தனார். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. நாற்பது தாண்டி, மாட்டு டாக்டராகிப் பேர் வாங்கிய பிறகும் வாலுதான். உள்ளே, அந்த இரண்டு இருக்கை விமானத்தின் காக்பிட்டில், கதவோரத்தைப் பார்த்தபடி அவளுடைய அண்ணி உட்கார்ந்திருந்தாள். கார் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் தொழில். உள்ளே இருப்பவருக்கு ஒரே வேலை: முதல் சொட்டு எங்கே விழுகிறதோ, அந்தக் கணமே குரல் கொடுக்க வேண்டும்.

"அண்ணி! தாழ்ப்பாள் மட்டம் வந்தாச்சு. ஏதாவது?"

"ஒண்ணுமில்ல."

எட்டு மாதமாக எதற்கும் அவள் சொல்கிற பதில் அதுதான். முகச்சவரம் செய்துகொண்டிருந்த கணவன் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்த நாளில், வந்தவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்து என்னம்மா என்று கேட்டார்கள். ஒண்ணுமில்லை என்றாள். அடுப்பை அணைத்தோமா என்றுதான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டில் உப்பு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. போன மாதம் தையல் ஊசி விரலில் இறங்கியிருக்கிறது; வெள்ளை உறையில் சிவப்புப் பொட்டு விழுந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் பேச்சு. அந்தப் பேச்சும் அவளை எட்டவில்லை.

விமானம் அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து வாங்கியது. இப்போது வாலு மட்டும் ஓட்டுகிறாள், ஆற்றுக்கு அப்பால் உள்ள தூரத்துப் பண்ணைகளுக்கு. போன வாரம் நடு வானில் மழை. கதவு வழியாகப் புகுந்த தண்ணீர், கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயோரமாக ஓடி, நேரே ரேடியோவின் தலையில் கொட்டியது. ரேடியோ ஊமையானது. எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாமல், யாரையும் கூப்பிட வழியில்லாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். இன்று காலையில் அண்ணியிடம் வந்து நின்றாள்.

"ரப்பரும் பசையும் உங்க கைக்குப் பழக்கம். ஒரு பண்ணையில மாடெல்லாம் வரிசையா விழுது அண்ணி, நான் போயே ஆகணும். நீங்க பார்த்துட்டு, ஈரம் வராதுன்னு சொன்னா பறந்து போறேன். சொல்லலைன்னா ரோட்டுல போறேன். ரோட்டுல போறதுக்குள்ள பாதி மாடு போயிடும்."

நாளைக் காலையில் கிளம்ப வேண்டும். புது ரேடியோவைப் பொருத்தி முடித்த மெக்கானிக் விமானக் கொட்டகை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"மாட்டைக் குளிப்பாட்டின கை, இப்போ விமானத்தைக் குளிப்பாட்டுதா?"

"உங்களுக்கும் ஒரு ஊசி பாக்கி இருக்கு. இப்படி வாங்க, போட்டுடறேன்," என்றாள் வாலு. அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

கண்ணாடி ஓரம் முடிந்தது. கூரையில் தண்ணீர் படபடத்தது.

"ஏதாவது?"

"ஒண்ணுமில்ல."

"அப்பாடா!" வாலு குழாயைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணி, இது என்ன?"

அண்ணி குனிந்து பார்த்தாள். இடது தோளிலிருந்து முழங்கை வரை மேல்சட்டை நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. முழங்கை நுனியிலிருந்து ஒரு சொட்டு திரண்டு இருக்கையில் விழுந்தது. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல."

வாலுவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "எருமை மேல மழை பெஞ்ச மாதிரின்னு சும்மா சொல்றாங்க. எருமைகூடக் காதை ஆட்டும் அண்ணி." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "உங்க வார்த்தையை நம்பித்தானே நான் நாளைக்கு மேல ஏறணும்," என்றாள்.

வெட்கப்பட வேண்டிய இடம் இது என்று அண்ணிக்குத் தெரிந்தது. பைக்குள் சாவியைத் தேடுவதுபோல் தனக்குள் துழாவிப் பார்த்தாள். கையில் எதுவும் சிக்கவில்லை.

"உங்க அண்ணன் போனதிலேருந்து எனக்கு எதுவுமே தெரியறதில்ல, வாலு. சூடு, குளிர், பசி, எதுவும். தெரியற மாதிரி பேசிக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகும் பாரம் இறங்கியதாகவோ ஏறியதாகவோ தோன்றவில்லை.

"எல்லாரும் உங்களைக் கல்லுன்னு சொன்னாங்க. நான்தான், இல்லை, தைரியம்னு சண்டை போட்டேன்," என்றாள் வாலு. "ரெண்டுமே இல்லையா?"

"இல்ல."

வாலு கதவின் விளிம்பில் சாய்ந்தாள். "அப்போ என்ன பண்றது?"

"பழைய பேப்பர் இருந்தா கொண்டு வா."

செய்தித்தாளை அண்ணி நாடா நாடாவாகக் கிழித்தாள். ஒவ்வொன்றையும் கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தி, இழுத்துப் பார்த்தாள். கதவைச் சுற்றி ஒட்டியிருந்த ரப்பர் பட்டை கெட்டியாகக் கவ்விய இடத்தில் காகிதம் வர மறுத்தது. மேல் மூலைக்கு வந்தபோது வெண்ணெயில் கத்தி போல வழுக்கி வந்துவிட்டது. கதவைத் திறந்து பார்த்தால், பட்டையின் இரண்டு முனைகளும் அங்கேதான் சந்தித்தன. அடியில் இருந்திருக்க வேண்டிய இணைப்பு, மழை நேராக விழுகிற உச்சியில் இருந்தது. ஒட்டியது அவள் கணவன்.

"ஏன் மேலேருந்து ஆரம்பிச்சான் அண்ணன்?"

"நின்னுக்கிட்டே ஒட்டலாமே. குனிய வேண்டாம்."

"அதானே! குனிஞ்சு செருப்பு மாட்டி அண்ணனை நான் பார்த்ததே இல்ல." வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அண்ணி பழைய பட்டையை உரித்தாள். அடியில் இறுகியிருந்த பசையில் அவன் கட்டை விரலின் ரேகை பதிந்திருந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். போயிற்று.

புதுப் பட்டையைக் கதவின் அடியிலிருந்து தொடங்கினாள். இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்தால் கொஞ்ச நாளில் சுருங்கி, இடைவெளி விட்டுவிடும். இருக்கை உறையும் அப்படித்தான். தளர்வாகவே சுற்றிக் கொண்டுவந்து, முனைகளை ஒரு மயிரிழை அதிகமாக விட்டு, ஒன்றையொன்று முட்டும்படி அடியில் சேர்த்தாள். பசை காய்ந்ததும் தோளிலும் மடியிலும் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். வாலு கீழிருந்து மேலே தண்ணீர் அடித்தாள். காகிதம் நனையவில்லை.

காற்றுச் சோதனை மிச்சமிருந்தது. பறக்கும்போது வெளிக்காற்று கதவை உறிஞ்சி இழுக்கும். தரையில் மூடியிருக்கும் இடுக்கு மேலே போனதும் வாயைப் பிளக்கும். மெக்கானிக் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு விலகினார். காற்று புகுந்தால் ஆடிக் காட்டட்டும் என்று கதவின் உள்ளோரம் நெடுகக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வாலு எஞ்சினைக் கிளப்பினாள். ப்ரொப்பெல்லரின் காற்று கண்ணாடியை அறைந்தது. நூல்கள் அசையாமல் தொங்கின.

"போகலாமா அண்ணி?" என்று கத்தினாள் வாலு.

ஒண்ணுமில்ல என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது இன்னும் காயாத இடது தோளில் ஏதோ ஒன்று. ஊசிமுனை அளவு. அவள் அதை நம்பவில்லை. தோளைத் திருப்பினாள், போய்விட்டது. பழைய இடத்துக்குத் திரும்பினாள், வந்தது.

"குளிருது."

எஞ்சின் சத்தத்தில் வாலுவுக்குக் கேட்கவில்லை. "குளிருது! இங்க, பின்னாடி!"

இருக்கை மறைத்ததால் நூல் ஒட்டாமல் விட்டுப்போன இடம் அது, இருக்கைக்குப் பின்னால், கதவின் கீல் பக்கம். வாலு எட்டி உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அண்ணி ஒரு நூலைப் பிய்த்து அங்கே ஒட்டினாள். நூல் வெடவெடவென்று துடித்தது.

வாலு எஞ்சினை நிறுத்தினாள். ப்ரொப்பெல்லர் சுழன்று ஓய்ந்தது.

"என் கைக்குத் தெரியவே இல்லையே."

"உன் கை காஞ்சிருக்கு."

"அப்போ நாளைக்கு?"

"இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். இதை அடைக்கிறேன். அப்புறம் மறுபடி தண்ணி, மறுபடி எஞ்சின்."

"சரி. அதுக்கு முன்னாடி இதைப் போடுங்க, சளி பிடிக்கும்." வாலு தன் உலர்ந்த மேலங்கியைக் கழற்றி நீட்டினாள்.

அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

"முடியட்டும். இன்னும் கொஞ்ச நேரம் ஈரத்தோடயே இருக்கேன்."