ஸ்டியரிங் இறங்கி வந்தது

மதியழகனுக்குத் தசை தேய்கிற நோய். மருந்து இல்லை என்று டாக்டர் கையை விரித்தபோதும் அவன் வேலையை விடவில்லை. விதைக் கம்பெனிக்காகப் பாப்பிரெட்டிப்பட்டி, கம்பைநல்லூர் என்று கடை கடையாக ஏறி இறங்குகிற பிழைப்பு. கைகள் தோளுக்கு மேல் எழாமல் போனதும், பட்டனை அழுத்தினால் ஸ்டியரிங் தானாக ஏறி இறங்கும் பழைய கார் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினான். ஸ்டியரிங்கை மடிவரை இறக்கி, முழங்கையைத் தொடையில் ஊன்றியபடியே ஓட்டினான்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தான். அவன் எழுவதற்குள் வண்டியின் பேட்டரி செத்துவிட்டது. புதுசு மாட்டிய பிறகு ஸ்டியரிங் பாதியிலேயே நின்றுகொண்டது. அவன் கை அதுவரை எட்டவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல சுகுணா. அது கீழ வந்துட்டா பழையபடி ஓட்டுவேன்" என்று மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். இப்போதெல்லாம் அவனுக்குச் சோறு ஊட்டிவிடுவது அவள்தான்.

அரூரிலிருந்து கார் எலக்ட்ரீஷியன் மாரியப்பன் வந்தான்.

"பேட்டரி கழட்டுனதுல ஸ்டியரிங் எதுவரைக்கும் போவணும்னு மறந்துடுச்சுங்கண்ணா. திரும்பக் காட்டிக் குடுத்தா சரியாப் போயிடும்."

வண்டியில் ஸ்கேனர் கருவியை மாட்டி, ஸ்டியரிங்கை மேலே முட்டும்வரை ஓட விட்டான். பிறகு கீழே, முன்னே, பின்னே. மோட்டார் முனகி அடங்கியது.

"அவ்ளோதாங்க. ஒக்காந்து பாருங்க."

இருவருமாக மதியழகனைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பட்டனை அழுத்தியதும் ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்டு மடிக்கு வந்தது. இடக்கையால் வலக்கையை எடுத்து அதன்மேல் வைத்துத் திருப்பினான். கால்வாசி வட்டம் போனது. விரல்கள் நழுவிக் கை மடியில் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்குப்பா."

"இதுக்கு மேல எறங்காதுங்கண்ணா."

"அப்ப கெட்டியா இருக்குது. எண்ணெய் கிண்ணெய் பாரு."

மாரியப்பன் குனிந்து ஒரே விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றினான். லேசாகச் சுற்றியது. செய்தபிறகுதான் செய்திருக்கக் கூடாது என்று உறைத்தது அவனுக்கு. "வண்டியில ஒண்ணும் இல்லைங்கண்ணா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

மதியழகன் கையை மடியிலேயே விட்டுவிட்டான். திங்கட்கிழமை வந்துவிடுவதாக மேனேஜரிடம் சொல்லியிருந்தான். சுகுணாவைப் போன் போடச் சொன்னான். அவள் போனை அவன் காதில் வைத்துப் பிடித்தாள்.

"சார், என்னால ஆவாதுங்க. வேற ஆளப் போட்டுக்கங்க."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "போன மாசமே போட்டாச்சுங்க மதி. ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான்…"

"பரவால்லீங்க" என்றான்.

சுகுணா போனை எடுத்துவிட்டு, அவன் கன்னத்து ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். அதைக்கூட அவனால் செய்துகொள்ள முடியாமல் இருந்தது.

"வூட்டுக்குள்ள போலாங்களா?"

அவன் தலையை அசைத்தான். மாரியப்பன் அந்தப் பக்கமாக வந்து அக்குளில் கை கொடுத்தான்.