பதினேழு லிட்டர்

மேலங்கிப் பையிலிருந்து நான்கு பித்தளைத் துண்டுகளை எடுத்துப் பெட்டியில் போடப் போனபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். நடுவில் ஒரு ஊசித்துளை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். ஜெட் என்பார்கள். துளையின் அளவு ஓரத்தில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். நூற்று நாற்பது, நூற்று நாற்பது, நூற்று நாற்பது, நூற்று நாற்பது. காலையில் கழற்றியவை. இவை இருந்த இடத்தில் இப்போது நூற்றைம்பது உட்கார்ந்திருக்கிறது.

கழற்றியதைப் பெட்டியில் வைக்காமல் அடுத்த வேலையைத் தொடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. இன்று தொட்டிருக்கிறாள்.

பந்தயக்காரர்கள் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து, எஞ்சின் மூச்சு விடுவதைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவாள். அதைவிடப் பெரிய பேர் அவளுடைய பெட்ரோல் கணக்குக்கு. சாதாரணமாக ஓட்டினால் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகிற கார்தான். முறுக்கேற்றி, இரட்டைக் கார்புரேட்டர் மாட்டி, மலைச்சாலையில் மிதித்து ஓட்டினால் மூன்றுகூடத் தராது. அது குடிக்கிற குடிக்கு டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டு போனால் எடை கூடும்; எடை கூடினால் வளைவுக்கு வளைவு நொடிகள் போகும். அதனால் மற்றவர்கள் பத்து லிட்டர் கூடுதலாகச் சுமக்கிற இடத்தில் அவள் மூன்று லிட்டரோடு நிறுத்திக்கொள்வாள். வண்டி திரும்பி வந்ததும் டேங்கில் மிச்சம் இருப்பதை அளந்து பார்ப்பாள். சொன்னதற்கும் இருப்பதற்கும் ஒரு டம்ளர் வித்தியாசம் இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

வண்டியை ஓட்டுகிறவள் அவளுடைய மகள். பக்கத்து இருக்கையில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வளைவுகளை வாசிக்கிறவன் மருமகன்.

நேற்றைய ஓட்டத்தை வைத்துத்தான் இன்றைக்கும் கணக்குப் போட்டாள். தொடக்கக் கோடு வரைக்கும் மெதுவாகப் போகிற சாலைக்கு இரண்டு லிட்டர். முப்பத்துமூன்று கிலோமீட்டர் மலைக்குப் பன்னிரண்டு. கைக்காவலுக்கு மூன்று. ஆக, பதினேழு. விடிந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது, குளிர் எலும்பைத் தொட்டது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குத் தகுந்தாற்போல் பெட்ரோலும் வேண்டும். எஞ்சின் வறட்டு இருமல் இருமியதைக் குழாயில் கேட்டவள், மளமளவென்று ஜெட்டை மாற்றினாள். இருமல் நின்றது. மகள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். வண்டி போய்விட்டது.

ஜெட் மாறியது. கணக்கு மாறவில்லை.

ஒட்டுப்பலகை மேசையில் கரித்துண்டால் எழுதிப் பார்த்தாள். துளை அந்த அளவு பெரிதானால் ஏழில் ஒரு பங்கு அதிகம் குடிக்கும். இரண்டும் பன்னிரண்டும் சேர்ந்த பதினாலு, பதினாறாகும். ஒரு லிட்டர் மிஞ்சும். ஆனால் அந்த டேங்கில் கடைசி இரண்டு லிட்டர் எதற்கும் உதவாது. வளைவுகளில் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும், பம்ப் வெறும் காற்றை உறிஞ்சும். அப்படியென்றால் முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு எங்கோ. முப்பதுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. முழு மிதியில் வளைவைப் பிடித்துக்கொண்டு போகிற நேரத்தில் எஞ்சின் செத்தால் வண்டியின் பின்பக்கம் வீசும். வீசாமல் நின்றாலும், ஒரு நிமிட இடைவெளியில் அடுத்த வண்டி மூடுபனிக்குள்ளிருந்து பாய்ந்து வரும்.

மணி பார்த்தாள். அவர்கள் தொடக்கக் கோட்டிலிருந்து கிளம்பிப் பதினாறு நிமிடம் ஆகியிருந்தது.

கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. பக்கத்துக் கொட்டகை மெக்கானிக், "என்ன டாக்டரம்மா, பேஷண்ட் தப்பிச்சு ஓடிருச்சா?" என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான்.

வயர்லெஸ் வேனில் ஒரு பெண் காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். வழியில் ஆறு இடங்களில் ஆட்கள் நிற்பார்கள். எந்த எண் எப்போது தாண்டியது என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எழுதுவாள்.

"பதினொண்ணு எங்க இருக்கு?"

"அஞ்சாவது ஆளு இப்பத்தாம்மா சொன்னாரு. தாண்டிருச்சு. நல்ல டைமு. உங்க பொண்ணு இன்னைக்குப் பறக்குது."

"அதை நிறுத்தணும்."

அந்தப் பெண் கருவியை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். "என்னம்மா?"

"பெட்ரோல் பத்தாது. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இறக்கத்துல நின்னுரும். போட்டியில இருந்து எடுத்துருங்க, என்ன வேணா பண்ணுங்க, வண்டிய மட்டும் நிறுத்தச் சொல்லு தாயி."

'நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்' என்ற வார்த்தை இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. அது எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்பதே அவளைப் பயமுறுத்தியது. அந்தப் பெண் மேலதிகாரியைக் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தி ஆறாவது ஆளைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இரைச்சல் மட்டும் வந்தது. "பனி இறங்கினா அந்த மூலையில இப்படித்தான்மா," என்றாள். குரலில் இருந்த சமாதானம் கையில் இல்லை. விரல் பொத்தானை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருந்தது.

நான்காவது முறை ஒரு ஆண் குரல் பிசிறடித்தது.

"பதினொண்ணு வந்தா மஞ்சக் கொடி காட்டுங்க. நிறுத்தப் பாருங்க."

"பதினொண்ணா? இதோ வர்ற சத்தம் கேக்குது…"

பிறகு அந்த எஞ்சின் சத்தமே வயர்லெஸ்ஸில் கேட்டது. தூரத்தில், தகரத்தைக் கிழிப்பதுபோல். அவள் தன்னையறியாமல் தலையைச் சாய்த்துக் கேட்டாள். சுத்தமான சத்தம். ஒரு குறையும் இல்லை. அப்படி அருமையாகக் குடித்துக்கொண்டிருந்தது.

"ஆட்டினேன். பாத்தாங்களா என்னன்னு தெரியல. போயிட்டாங்க."

அதற்கப்புறம் எல்லைக்கோட்டிலிருந்து குரல் வர வேண்டும். மூன்று நிமிடம் போதும். அவள் வேனின் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு முறை காய்ச்சலில் மூச்சு நின்று நின்று வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் அடுத்த மூச்சுக்காக எண்ணிக்கொண்டு நின்றாள். மூன்று. மூன்றரை. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். நான்கு.

எல்லைக்கோட்டு ஆள் பேசினான். "பன்னெண்டு வந்தாச்சு."

"பதினொண்ணு?"

"வரல. பன்னெண்டு ஓட்டினவரு பாத்திருக்காரு. வழியில நிக்குதாம். பலகை காட்டினாங்களாம்."

நின்றுபோன வண்டிக்காரர்கள் பின்னால் வருகிறவர்களுக்குப் பலகை காட்ட வேண்டும். பச்சை என்றால் ஒன்றுமில்லை, போ. சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து, நில்.

"பச்சையா, சிவப்பா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இரைச்சல். "பச்சையா, சிவப்பாங்க?"

"…பச்சை. பச்சைதான்."

வேனைச் சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். அவள் விடவில்லை. "எத்தனை பேரப் பாத்தாராம்? கேளு."

கேட்டார்கள். பதில் வர நேரமானது. "ஒரு ஆளத்தான் பாத்தாராம். ஹெல்மெட் போட்டிருந்ததுல ஆம்பளையா பொம்பளையான்னு தெரியலையாம்."

ஒரு ஆள். இன்னொரு ஆள் எங்கே?

எல்லா வண்டியும் முடிந்து சாலை திறக்க இன்னும் நாற்பது நிமிடம் ஆயிற்று. பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் தன் வேனை எடுத்தான். பெட்ரோல் கேனை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக அவனை வாழ்நாள் முழுக்க வாழ்த்தலாம் என்று தோன்றியது.

இறக்கத்தில் முதலில் தெரிந்தது மருமகன்தான். வண்டிக்கு நூறு அடி மேலே, வளைவின் முகப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தான். வருகிற வண்டிகளுக்கு முன்கூட்டியே கை காட்டுவதற்காக ஏறி வந்தவன், அந்தப் பனிக்குள் பன்னிரண்டின் கண்ணில் படவில்லை. "ஒண்ணும் இல்ல அத்தை, ரெண்டு பேரும் முழுசா இருக்கோம்," என்றான். பல் தந்தியடித்தது.

மற்ற வண்டிகள் ஒதுங்கிப் போக ஒரு பக்கம் இடம் விட்டு, வண்டி சாலையில் குறுக்காகத் திரும்பி நின்றது. கறுப்பாக இரண்டு டயர்த் தடங்கள் வளைந்து போய் விளிம்பில் முடிந்திருந்தன. பின்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. ஒரு சாண்தான். அதற்குக் கீழே வெள்ளையாகப் பனி.

மகள் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பலகை இன்னும் மடியில் இருந்தது.

"கொடியப் பாத்து, முன்னால யாரோ கவுந்துட்டாங்கன்னு நெனச்சுக் கால எடுத்தேன்மா. அதுக்கப்புறம்தான் இந்த வளைவுல செத்துச்சு. அதே வேகத்துல வந்திருந்தா…" பலகையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். "ஜெட்ட மாத்தினியே. கணக்க மாத்தினியா?" என்றாள்.

"இல்ல."

மகள் தலையை மட்டும் ஆட்டினாள். திட்டினால் தேவலை என்றிருந்தது தாய்க்கு. மகள் எழுந்து வந்து டேங்க் மூடியைத் திருகிக் கொடுத்தாள்.

"இன்னைக்கு அவ்வளவுதான். நாளைக்கு நம்மள மறுபடி ஓட விடுவாங்க. இதே ரோடு." கேனின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு ஊத்தலாம், சொல்லு."

தாய் வாயைத் திறந்தாள். எண் வரவில்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்கு வந்து, அந்த ஒரு சாணைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கேனைச் சாய்த்தாள். பெட்ரோல் கொஞ்சம் டேங்குக்குள்ளும் கொஞ்சம் வெளியிலுமாக விழுந்து, வண்டியின் பக்கவாட்டில் வழிந்து, சாலைச் சரிவில் மெல்லிய வானவில்லாக விரிந்து, விளிம்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"போதுமாம்மா?"

அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.