பதிலுக்கு வந்தவள்

பட்டு ஆலையின் கொதிநீரில் கைவிட்டுப் புழுக்கூடுகளிலிருந்து நூல் பிரித்தே சிம்யூவின் இளமை போயிற்று. விரல்கள் மடங்காமல் போனதும் ஆலை அவளை அனுப்பிவிட்டது. அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் கிடந்தாள்.

ஒருநாள் அண்ணி வாய்விட்டே சொன்னாள். "கட்டிக் குடுத்த பொண்ணு உசுரு பொறந்த வீட்டுல போகக் கூடாது. காலாகாலத்துல புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேரு."

புருஷன் வீடா! கல்யாணமாகி மூன்றே நாள் அங்கே இருந்தாள். குடும்பம் நடத்தப் பிடிக்காமல் ஆலைக்குத் திரும்பி, தன் கூலியைச் சேர்த்து, குவாய் என்ற ஏழைப் பெண்ணை வாங்கித் தனக்குப் பதிலாக அந்த வீட்டுக்கு அனுப்பினாள். அந்தப் பக்கத்து ஆலைப் பெண்கள் அப்படிச் செய்வது உண்டு. மூத்த மனைவி என்ற உரிமை மட்டும் அவளோடேயே இருந்தது.

படகில் போய் இறங்கினாள். வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்த கிழவர் நிமிர்ந்து, "யாரும்மா? யாரப் பாக்கணும்?" என்றார்.

"நான்தான்... சிம்யூ."

அவள் புருஷன் பாக்ஹோவின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். குவாய் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், மூத்தவளுக்குச் செய்யும் முறைப்படி மண்டியிட்டுத் தேநீர் நீட்டினாள். "குடிங்கக்கா."

நல்ல அறையைச் சிம்யூவுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். சாப்பாட்டில் மீனின் நடுத்துண்டு அவளுக்கு. அவள் எடுக்காமல் யாரும் சாப்பிடும் குச்சியைத் தொடவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது.

பாக்ஹோ மகள் யின்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "இனிமே இவங்கதான் உனக்கு அம்மா. உன்னப் பெத்தவள சின்னம்மான்னு கூப்பிடு. முறை அதுதான்."

"எதுக்குங்க அதெல்லாம்? எப்பவும் போலக் கூப்பிடட்டுமே" என்றாள் சிம்யூ.

"ஊரு சிரிக்கும்" என்று முடித்துவிட்டார்.

யின், "அம்மா, தேநீர்" என்று தரையைப் பார்த்துச் சொல்வாள். கூடத்தில் எங்கோ குவாயின் தலை தன்னையறியாமல் திரும்பும். பிறகு குனிந்துகொள்ளும்.

ஒரு மத்தியானம் குவாய் பயறு உரித்துக்கொண்டிருந்தாள். சிம்யூ பக்கத்தில் உட்கார்ந்து முறத்தை இழுத்தாள்.

"நீங்க இதெல்லாம் தொடக் கூடாதுக்கா."

"சும்மா உக்காந்து உக்காந்து பைத்தியம் பிடிக்குது, குவாய்."

குவாய் கையிலிருந்த காயை உரித்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "என்னைக் கொண்டுவந்து இங்க விட்டீங்களே. இருக்காளா, செத்தாளான்னு ஒரு தடவையாவது வந்து பாத்தீங்களா? இப்ப வந்து எம் பொண்ணு வாயில இருந்த அம்மாவையும் வாங்கிக்கிட்டீங்க."

சிம்யூவுக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை. முறத்தை மெல்லத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் வெந்நீர் கேட்க அடுப்படிக்குப் போனவள் கதவருகே நின்றாள். உள்ளே யின் ஏதோ சொல்லிச் சிரித்தாள். "போம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது!" குவாயும் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து சிம்யூ கேட்டது அதுதான் முதல் தடவை.

வெந்நீர் கேட்காமலே திரும்பினாள். அதன் பிறகு அடுப்படிப் பக்கம் போகும்போதெல்லாம், கூடத்திலேயே நின்று பலமாக ஒருமுறை இருமிவிட்டுத்தான் போவாள். அவர்கள் கூப்பிடும் முறையை மாற்றிக்கொள்ள அவ்வளவு அவகாசம் போதும்.