மேல் மூன்று தட்டு

தபால்காரியின் வலது தோள் கிழிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கடிதப் பையோடு ஈரப் படிக்கட்டில் விழுந்தாள். வேலை நேரத்தில் நடந்த விபத்து. அதை யாரும் மறுக்கவில்லை. மருத்துவர் சீட்டில் ஒரே வரி: தோளுக்கு மேல் கையைத் தூக்கக் கூடாது.

"அதுக்கென்னம்மா, லைட் டியூட்டி தர்றேன்" என்று சூப்பர்வைசர் அவளைக் கடிதம் பிரிக்கும் அலமாரி முன்னால் நிறுத்தினார். சுவரில் பொருத்திய அலமாரி. ஒன்பது தட்டு, தெருவுக்கு ஓர் அறை. மேல் மூன்று தட்டும் அவள் தோளுக்கு மேலே.

"ஒன்றரை அடி இறக்கிக் கொடுங்க சார்."

"அது சுவரோட பிறந்தது. முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டா கொம்பு வளையுமா?"

"தேன் நான் கேட்கலை. கொம்புல கொண்டுபோய் வச்சது நீங்க."

இருபத்திரண்டு வருடம் அந்தத் தெருக்களைக் காலால் அளந்தவள். ஆறு தட்டுக்கான கடிதங்களை மளமளவென்று பிரித்துப் போட்டாள். மீதியைத் தெருவாரியாகக் கட்டிப் பெட்டியில் வைத்தாள். மாலையில் பதிவேட்டில் ஏறியது: 'கொடுத்த இலகு வேலையை முடிக்கவில்லை.' இப்படிப் பன்னிரண்டு குறிப்பு சேர்ந்தால், வேலைக்குத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

பதினோராவது குறிப்பு விழுந்த அன்று, அதே அலுவலகத்தில் வேன் ஓட்டும் அவள் தம்பி ஒரு தாளோடு வந்தான். சொந்த விருப்பத்தின் பேரில் நீண்ட விடுப்பு கேட்கும் விண்ணப்பம். சூப்பர்வைசர் கொடுத்தனுப்பியது.

"போட்டுடுக்கா. ஆபீஸே வேடிக்கை பார்க்குது. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"விழுந்தது வேலையில. விருப்பம்னு எழுதினா பொய். நம்ம அப்பா பொய்க்குக் கீழ கையெழுத்துப் போட்டுப் பார்த்திருக்கியா?"

"அப்பாவுக்குக் கையெழுத்தே வராதே."

"பெருவிரல் வச்சார். அதையும் பொய்க்கு வச்சதில்லை."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தன் புகார் மனுவை அவன் முன்னால் வைத்தாள். நாள்வாரியாக எந்தத் தட்டு, எத்தனை கடிதம். தையல் நாடாவால் அளந்த தோள் உயரம். சூப்பர்வைசர் சொன்ன சொல். படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"சுவரோட பிறந்ததுன்னா சொன்னார்?"

"அப்படித்தான் சொன்னார்."

"நாலு போல்ட்டுக்கா அது. கீழதான் இருந்துச்சு. அடியில பார்சல் அடுக்கணும்னு போன வருஷம் ஏத்தச் சொன்னதே அவர்தான். ஏத்தினது நான்."

விடுப்பு விண்ணப்பத்தை அவனே நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வரும்போது, வேனில் இருந்த ஸ்பானர் தம்பி கையில் இருந்தது. இரண்டு தபால்காரர்கள் அலமாரியைத் தாங்கிப் பிடிக்க, அவன் கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். கீழே இருந்த பார்சல்கள் ஜன்னலோரம் வரிசையாக நின்றன.

"யாரைக் கேட்டு இறக்கினே?"

"ஏத்தச் சொன்னது நீங்க சார். ஏறினது இறங்கும்."

தபால்காரி முதல் கடிதத்தை மேல் தட்டில் வைத்தாள். கை தோளைத் தாண்டவில்லை. உச்சிப் பொழுதுக்குள் ஒன்பது தட்டும் நிறைந்துவிட்டன. சூப்பர்வைசர் பதிவேட்டைத் திறந்தார். எழுத ஒன்றும் அகப்படாமல் மூடினார். பிறகு, மனுவோடு தன் மேஜைக்கு வந்தவளிடம் குரலை இறக்கினார்.

"அதான் சரியாப் போச்சேம்மா. மேலிடத்துக்குப் புகார் எதுக்கு? கிழிச்சுப் போடுங்க."

"இதுல இருக்கிறது பதினோரு நாள் சார். சரியாப் போனது இன்னைக்கு, பன்னிரண்டாவது நாள்."

அவர் வழியாகவே மேலிடத்துக்குப் போகவேண்டிய மனுவையும் அதன் நகலையும் இடது கையால் அவர் பக்கம் நகர்த்தினாள். "பெற்றுக்கொண்டேன்னு நகல்ல ஒரு கையெழுத்து."

அவர் பேனாவைத் தேடினார். அவள் தன்னுடையதை நீட்டினாள்.