கோட்டுக்குக் குறையாத தண்ணீர்

எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள், ஒரு லாரி. மூவரில் லாரிக்கு மட்டும்தான் பொய் சொல்லத் தெரியாது.

ஒரு வாரம் என் வீட்டுக்காரர் ஓட்டுவார், மறு வாரம் என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டி கைமாறும். கேபினைத் தூக்கி, கூலன்ட் டேங்கைக் குனிந்து பார்ப்பார்கள். இன்ஜின் கொதிக்காமல் காக்கிற அந்தப் பச்சைத் தண்ணீர் எதுவரை நிற்க வேண்டும் என்று டேங்கின் மேல் சிவப்பாக ஒரு கோடு இருக்கிறது. என் நகப்பாலிஷ்தான், என்னைக் கேட்காமல் எடுத்தது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஓட்டியவன் வண்டியைக் கவனிக்காதவன். அடுத்த முறை அவனுக்கு வண்டி கிடையாது. மச்சானும் மாப்பிள்ளையும் கூடிப் போட்ட சட்டம் இது.

லாரி ஓட்டுகிற லைசென்ஸ் எனக்கும் இருக்கிறது. பீரோவில் புடவைகளுக்கு அடியில் தூங்குகிறது. கேட்டால் தம்பி, "உனக்கு எதுக்குக்கா இந்தக் கஷ்டம்?" என்பான். வீட்டுக்காரர் "பார்க்கலாம்" என்பார். அவர் பாஷையில் அதற்கு நடக்காது என்று பொருள். வண்டியைக் கழுவ மட்டும் நான் வேண்டும்.

போன மாதம் வண்டி வெள்ளையாகப் புகைவிட ஆரம்பித்தது. காலையில் கிளப்பினால் தெருவே காணாமல் போகும். எதிர்வீட்டுக்காரி எங்களைத் திட்டிக்கொண்டே காயப்போட்ட துணிகளை உள்ளே எடுப்பாள். மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவருக்குப் பட்டப்பெயர் பொறுமை. "பொறுமை, பொறுமை" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை விட்டெறிகிறவர்.

"தண்ணி குறையுதா?" என்று கேட்டார் பொறுமை.

"ஒரு சொட்டு குறையல," என்றார் வீட்டுக்காரர்.

"என் வாரத்துலயும் குறையலண்ணே. கோட்டுலயே நிக்குது," என்றான் தம்பி.

தண்ணீர் குறையவில்லை என்றால் டீசல்தான் சரியாக எரியவில்லை என்று முடிவுகட்டி, பொறுமை டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றினார், சோதித்தார், திரும்ப மாட்டினார். புகை முன்பைவிட உற்சாகமாக வந்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வண்டியைக் கழுவுகிறவளுக்குத் தெரியாத மூலை உண்டா? கேபின் படுக்கைக்கு அடியில், போர்வைக்குள் சுற்றி ஒரு கேன்: அது வீட்டுக்காரருடையது. ஸ்டெப்னிக்குப் பின்னால், சாக்குக்குள் ஒரு கேன்: அது தம்பியுடையது. இரண்டிலும் பச்சைத் தண்ணீர். தண்ணீர் இருவர் வாரத்திலும் குறைந்துகொண்டுதான் இருந்தது. தன் கையில்தான் வண்டி கெட்டது என்று இருவருக்கும் பயம். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டு, வழியெல்லாம் ரகசியமாக ஊற்றி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லபிள்ளையாக வந்து நிற்பார்கள். என்றைக்காவது ஒருநாள் ஊற்ற மறந்தால் இன்ஜின் வெந்து உட்கார்ந்துவிடும். அதை நினைத்தால் கோபமும் வந்தது.

பொறுமையின் முன்னாலேயே சொன்னேன்: "இந்தப் புகை எங்கேயிருந்து வருதுன்னு நான் நிரூபிச்சுட்டா, மூணு வாரத்துல ஒரு வாரம் வண்டி எனக்கு. முடியலன்னா லைசென்ஸ் பேச்சையே எடுக்க மாட்டேன்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "சரிக்கா!"

"பார்க்கலாம்," என்றார் வீட்டுக்காரர்.

"பார்க்கலாம் இல்லங்க. சரின்னு சொல்லுங்க."

"சரிம்மா, சரி."

மறுநாள் லோடு ஏற்றி, நான்கு பேரும் ஒரே வண்டியில் மேட்டுப் பாதையில் ஒரு சுற்று போய்வர வேண்டும் என்றேன். கிளம்பும்போது தண்ணீர் கோட்டில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கேன்கள் இரண்டும் எங்கள் குளியலறையில் வாளிக்குப் பக்கத்தில் இருந்ததை நான் மட்டும் அறிவேன்.

வீட்டுக்காரர் ஓட்டினார். நடுவில் நான், கதவோரம் தம்பி, பின்னால் படுக்கையில் பொறுமை. பாதி தூரம் போனதும் வீட்டுக்காரர் நெளிந்தார்.

"டயரைத் தட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்."

"நானும் வரேன் மச்சான்," என்று தம்பி கூடவே குதித்தான். இரண்டு பேரும் டயரைத் தட்டிவிட்டு, ஒருவரை ஒருவர் முறைத்துவிட்டுத் திரும்பி ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் தம்பிக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. இவருக்கும் உடனே வந்துவிட்டது. ஒட்டிப் பிறந்தவர்கள்கூட இப்படிச் சேர்ந்து போயிருக்க மாட்டார்கள்.

மேடு ஆரம்பித்தது. சூடு காட்டுகிற முள் மெல்ல எழுந்தது. வீட்டுக்காரர் முள்ளைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். தம்பி நகத்தைக் கடித்தான்.

"என்னங்க, ஏன் வேர்க்குது?" என்றேன்.

"வெயில்."

வானம் மூடிக்கிடந்தது. முள் சிவப்பைத் தொட்டதும் தம்பி உடைந்துவிட்டான். "நிறுத்து மச்சான்! தண்ணி இல்ல! ஸ்டெப்னிக்குப் பின்னாடி என் கேன் இருக்கு!"

வீட்டுக்காரர் ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தினார். "உன்கிட்டயும் கேன் இருக்கா மாப்ள?"

"உன்கிட்டயும்னா?"

பின்னாலிருந்து பொறுமையின் தலை நீண்டது. "அடப்பாவிங்களா! ஒரு சொட்டு குறையலன்னு சொல்லி என்னை இன்ஜெக்டரைக் கழட்ட வெச்சீங்களேடா!"

இன்ஜின் ஆறும்வரை திட்டினார். ஆறியபிறகு, நான் காலடியில் கொண்டுவந்திருந்த குடத்திலிருந்து தண்ணீரை ஊற்றி, வண்டியைப் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு வந்தோம்.

கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆயிலிலும் தண்ணீர் கலக்கவில்லை. பொறுமை இன்ஜின் பக்கவாட்டிலிருந்து நீளமான ஒரு இரும்புப் பெட்டியைக் கழற்றினார். "இதுதான் இ.ஜி.ஆர். கூலர். சைலன்சருக்குப் போற புகையில கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்புவாங்க. அதை ஆத்தி அனுப்புற பெட்டி. உள்ளே குழாய்ல புகை போகும், குழாயைச் சுத்தித் தண்ணி ஓடும். குழாய் விரிஞ்சா தண்ணி புகையோட ஆவியாப் போயிடும்."

தண்ணீர் போகும் வாய்களில் ஒன்றை அடைத்து, மற்றொன்றில் காற்றைச் செலுத்தி, பெட்டியைத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். விரிசல் இருந்தால் குமிழி வர வேண்டும். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காற்று. ஒன்றுமே இல்லை.

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "லைசென்ஸைக் கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டிடலாம்க்கா."

இனி ஆயுசுக்கும் சோப்புத் தண்ணீரும் துடைக்கிற துணியும்தானா? தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமவெளியில் பேசாமல் இருந்த முள், மேட்டில் சூடேறிய பிறகுதானே கிளம்பியது?

"அண்ணே, இது ஜில்லுன்னு இருக்கிற தண்ணி. வண்டியில இந்தப் பெட்டி கொதிக்கக் கொதிக்க இல்ல இருக்கும்? வெந்நீர்ல முக்குங்க."

பொறுமை என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுப்பில் அண்டாவை ஏற்றினார். ஆவி பறக்கிற தண்ணீரில் பெட்டி இறங்கியது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு புகை போகும் வாயிலிருந்து ஒரு குமிழி. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் மடமடவென்று பொங்கியது.

"சூட்டுலதான் வாயைத் திறக்குது, உங்க வீட்டு ஆளுங்க மாதிரியே," என்றார் பொறுமை.

நான் கைதட்டிக் குதித்தேன். வயசுக்குத் தகாததுதான், இருக்கட்டும்.

"ஒரு தகடு வெச்சு அடைச்சு ஓட்டிடலாமேண்ணே?" என்று தம்பி ஆரம்பித்தான். பதிலுக்கு ஸ்பேனர் பறந்தது. புதுக் கூலர் மாட்டி மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். முள் அசையவில்லை, புகையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, என் வாரம். சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேட்டுல மெதுவாப் போ," என்றார், அவ்வளவுதான். தம்பி கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தான், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக.

கிளம்புமுன் பழக்கதோஷத்தில் மூலைகளைத் தடவினேன். படுக்கைக்கு அடியில், போர்வைக்குள் ஒரு கேன். ஸ்டெப்னிக்குப் பின்னால், சாக்குக்குள் ஒரு கேன். இரண்டும் கழுத்துவரை நிரம்பியிருந்தன. கோட்டுக்குக் கீழே போய் என் வாரம் பறிபோகக் கூடாதென்று, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வைத்தது. கண் கலங்கிவிட்டது. இந்த மடையர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டு கேன்களையும் எடுத்து வாசற்படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஏறி உட்கார்ந்து, ஹாரனை நீளமாக அடித்தேன். இருவரும் ஓடிவந்தார்கள். கேன்களைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தண்ணி குறைஞ்சா போன் பண்ணிச் சொல்றேன். எனக்கு வாய் இருக்கு!" என்று கத்திவிட்டு கியரைப் போட்டேன்.