நேராக்கப்பட்ட மூளை

எண்ணூர் நெடுஞ்சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முளைத்த பொறியியல் கல்லூரியில் மூளை ஆய்வு மையம் திறக்கப்போகிறார்கள். அதன் இயக்குநர் நாற்காலி தனக்குத்தான் என்று முடிவுகட்டி, பேராசிரியர் ஸ்டானிஸ்லாஸ் விசிட்டிங் கார்டே அடித்துவிட்டார்.

தகுதிக்கு அவர் காட்டியது கணினியில் கட்டிய ஒரு மாடல். மூளையின் வெண்பொருளில் நரம்பிழைகளுக்கிடையே நீர் எப்படி அலைகிறது என்பதை எம்.ஆர்.ஐ. அளக்கும். அந்த அலைச்சலைக் கணினிக்குள் நடத்திப் பார்த்து வைத்துக்கொண்டால், யாருடைய ஸ்கேனைக் கொடுத்தாலும் இழைகள் நலமா, நைந்தவையா என்று சொல்லிவிடலாம்.

ஆய்வு மாணவி ஜானட் இழைகளை உள்ளபடியே வளைத்தும் புடைத்தும் வரைந்திருந்தாள். ஸ்டானிஸ்லாஸின் சூத்திரம் அதில் உதை வாங்கியது.

“எல்லாத்தையும் நேராக்கும்மா.”

“மூளைக்குள்ள ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி இருக்காது சார்.”

“இருக்கணும். அப்பதான் கணக்கு வரும்.”

இழைகள் குழாய்களாகி அணிவகுத்தன. கணக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? கேள்வியும் அவருடையது, விடையும் அவருடையது.

இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று கல்லூரித் தாளாளர் ராசையா வந்தார். கண்டெய்னர் யார்டில் தொடங்கிக் கல்லூரி வரை வளர்ந்தவர். திரையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“நம்ம யார்டுல பொட்டி அடுக்குன மாரியே கீது சார். இதுல யார் மூளைய வேணா பாக்கலாமா?”

“என் மூளையையே பார்க்கலாம்,” என்றார் ஸ்டானிஸ்லாஸ். அதற்கென்றே ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார். முன்னமே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஜானட்டிடம், “மேதைக்கு ஒத்திகையா?” என்று சிரித்திருந்தார்.

ஸ்கேனை ஏற்றியதும் திரை முழுக்கச் சிவந்தது. வெண்பொருளில் கடும் சேதம் என்றது கணினி.

சக பேராசிரியர், வண்ணாரப்பேட்டை நசீர், சிரிப்பை இருமலாக்கினார்.

“சார் மூளை நல்லாத்தான் இருக்கு,” என்றாள் ஜானட். “வளைஞ்ச இழையெல்லாம் நம்ம மாடலுக்குச் சேதமாத் தெரியுது. மாடல்தான் தப்பு.”

ஸ்டானிஸ்லாஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். மாடல் தப்பென்றால் நாற்காலி போச்சு.

“மாடல் தப்பே பண்ணாது,” என்றார்.

ராசையா எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “அப்ப இத்தினி நாளா இன்னாத்துக்கு நைனா சொல்லாம வச்சிகினு கீற? இந்தத் தலைய வச்சிகினு கிளாஸ் வேற எடுத்துகினு கீற. மொதல்ல ஒடம்பப் பாரு. நசீர் சார், மையத்த நீங்க பாத்துக்கங்க.”

“அவரு மாடல வச்சே நடத்திடலாம் சார்,” என்றார் நசீர் பணிவாக.

ஸ்டானிஸ்லாஸ் வாயைத் திறந்தார். மாடல் தப்பு என்று சொல்ல அப்போதும் மனம் வரவில்லை. டோல்கேட் பக்கத்து நரம்பு டாக்டரிடம் போக ராசையாவின் கார் வந்து நின்றது. அதில் ஏறிக்கொண்டார்.